மழையில் குடை மடக்கிய வழக்கு

எங்கள் தண்டனைச் சட்டப் புத்தகத்தில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. ஒரு பிரிவைச் சொல்லி முடித்ததும் அதை விளக்க ஒரு குட்டிக் கதை வரும். அதில் 'ஏ' என்பவர் 'இசட்' என்பவரைப் பார்த்து முஷ்டியை ஆட்டுவார். அல்லது கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவார். ஈப்போ மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்க்கும் தமிழ்த் துபாஷியாக இருந்த வருடங்களில், மற்றவர்கள் நாவல் படிப்பதுபோல நான் இந்தக் கதைகளைப் படித்தேன். ஏ எப்போதும் கெட்டவர். இசட் எப்போதும் அடி வாங்குகிறவர். இருவருக்கும் எதனால் பகை என்பது கடைசிவரை தெரியாது.

நானும் இங்கே பெயர் சொல்லப்போவதில்லை. இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள்; சிலருடைய பிள்ளைகள் கடைத்தெருவில் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். ஆண்டை மட்டும் மறைக்க மாட்டேன். 1926. அது ஆடி மாதம் என்று என்னோடு அப்போது வேலை பார்த்த குமாஸ்தா இன்றும் சாதிப்பார். தவறு. தீபாவளிக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நான் கோர்ட்டில் நின்றேன். தையற்காரர் தோளை இறுக்கித் தைத்துவிட்டதால், சாட்சிகள் கையை ஆட்டிப் பேசினால் நானும் ஆட்டிக் காட்ட முடியவில்லை. ஆகவே ஐப்பசியின் பின்பாதி. பேராக்கை மூழ்கடித்த பெருவெள்ளம் அந்த ஆண்டின் கடைசியில் வந்தது. அதற்கான மழை அப்போதே தொடங்கியிருந்தது.

ஈப்போவுக்கு வடக்கே, தஞ்சோங் ரம்புத்தான் போகும் பாதையில் ஒரு கித்தாத் தோட்டம்; ரப்பரை நாங்கள் கித்தா என்போம். மழை நாளில் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்க, முடியாது. கோப்பையில் பாலோடு தண்ணீர் கலந்துவிடும். அப்படி வேலை நின்ற ஒரு காலையில், பால்மரம் வெட்டும் ஒருவர் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். கையில் நீளமான கறுப்புக் குடை, காலில் தீபாவளிக்கு வாங்கிய செருப்பு. தோட்டத்துப் பாதை வளைகிற இடத்தில் சின்ன தொரை எதிரே வந்தார். தோட்ட மேனேஜரான பெரிய தொரைக்கு உதவியாகச் சீமையிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்தவர். இன்னும் மூக்குத் தோல் உரிந்து முடியவில்லை.

தோட்டத்தில் தொரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கிவிட வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். வெயிலா மழையா என்ற கேள்வி இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டும். கேட்டால் ஒழியப் பேசக்கூடாது. இது எங்கும் எழுதப்பட்டதல்ல. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குக் கங்காணி பிரம்போடு நின்று கற்றுக்கொடுப்பார். புதிதாக வந்த தொரைக்கோ மரத்துக்கு வரும் நோய்களைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்; தமிழில் திட்டுவதற்கான சொற்களையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்த வழக்கத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. மரியாதை செய்கிறவனுக்குத்தானே பயிற்சி வேண்டும், வாங்குகிறவருக்கு எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

ஆகவே சின்ன தொரை கண்டது இதுதான். கொட்டுகிற மழையில் ஒருவன் குடை பிடித்து வருகிறான். தம்மைக் கண்டதும் சட்டென்று குடையை இறக்கி மடக்குகிறான். அதன் இரும்பு முனை தம் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பாயப்போகிறவனைப்போலக் குனிகிறான். நிமிரும்போது இன்னொரு கையில் செருப்பு இருக்கிறது. சேற்றில் விட்டால் புதுச் செருப்பு போய்விடும் என்று அதை எடுத்துக்கொண்டார் என்பது தொரைக்கு எப்படித் தெரியும்? தம் கைத்தடியால் ஓங்கி ஒரே அடி. மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அடித்தவர் போலீசுக்குப் போனார். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து, தொரையைத் தாக்க முனைந்த கைதியாகக் கோர்ட்டுக்கு வந்தார்.

தாக்குதல் என்றால் அடி விழுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. அடி விழுந்தால் அது காயப்படுத்தல்; அதற்கு வேறு பிரிவு. எலும்பு முறிந்தால் கொடுங்காயம். அதற்கும் வேறு பிரிவு. தாக்க முனைவது என்பது அதற்கெல்லாம் முந்தியது. கை ஓங்கினால் போதும். அடி விழப்போகிறது என்று எதிரே நிற்பவர் அஞ்ச வேண்டும். அவர் அப்படி அஞ்சுவார் என்பது ஓங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் வசவு தாக்குதல் ஆகாது. ஆனால் ஓர் அசைவுக்கு என்ன பொருள் என்பதைச் சொற்கள் காட்டிக்கொடுக்கலாம். இங்கே சொற்களே இல்லை. ஒரு குடை, ஒரு செருப்பு, ஒரு மௌனம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு தலைகளுக்குள் என்ன இருந்தது என்று கோர்ட்டு கண்டுபிடிக்க வேண்டும்.

வழக்கு நாளில் மழை. கோர்ட்டு வராந்தாவில் அடிபட்டவருடைய மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் கங்காணி. சேலத்துப் பக்கம் ஒரே ஊரிலிருந்து அவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். அவளுக்கு மாமன் முறை.

"மாமா, தொரையக் கண்டா குடைய மடக்குன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? அத உள்ள சொல்லிருங்க, போதும்," என்றாள்.

"சொல்றேன் புள்ள. பெரிய தொரை என்ன சொல்றாருன்னு கேட்டுக்கிட்டுச் சொல்றேன்."

"நடந்தத சொல்றதுக்கு அவர எதுக்கு மாமா கேக்கணும்?"

"நீ லயத்துல ஒரு ரூமுக்குள்ள இருக்கே. நான் தோட்டத்துக்கே பதில் சொல்லணும்லா."

கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த புருஷன், போலீஸ்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி சொன்னார்: "விடு. மாமாவுக்கு இருக்கிறது ஒரு நாக்கு. அதுவும் தோட்டத்துச் சாமான்."

"பேச்சப் பாரு," என்றார் கங்காணி. "எல்லாம் செருப்புப் போட்ட கொழுப்பு. வெறுங்கால்ல நடந்திருந்தா குனிய வேண்டியதில்ல. இந்தத் தொல்லை, இந்த சூசாவே வந்திருக்காது."

"அப்ப குத்தம் செருப்புக் கடைக்காரன் மேலதான். அவனையும் புடிச்சாரச் சொல்லுங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, உள்ள போட்டுட்டாங்கன்னா ரூம காலி பண்ணச் சொல்லிருவாங்களா?"

துபாஷி ஆலோசனை சொல்லக்கூடாது என்பது விதி. லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் அறை வேலை செய்கிறவருக்கு உரியது. அவர் ஜெயிலுக்குப் போனால் அறை வேறு ஆளுக்குப் போகும் என்பது ஆலோசனை அல்ல, தகவல் என்று எனக்கு நானே தீர்ப்புக் கூறிக்கொண்டு அதைச் சொன்னேன். பிள்ளையை எங்கே பெறுவது என்று அவள் கேட்கவில்லை. வயிற்றைப் பார்த்துக்கொண்டாள்.

சின்ன தொரை முதலில் சாட்சி சொன்னார். நேர்மையானவர்; ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பெரிய யுத்தத்துக்கு வயது போதாமல் வீட்டில் இருந்துவிட்டவர் என்பது பேச்சில் தெரிந்தது. துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகி நீட்டுவதுபோல அந்த ஆள் குடையை நீட்டினான் என்றார். திட்டியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன், அவன் ஒன்றும் பேசாததுதான் என்னை அச்சுறுத்தியது என்றார்.

குற்றவாளிக் கூண்டில் இருந்தவரை மாஜிஸ்திரேட் கேட்டார்: "மழை பெய்துகொண்டிருந்ததா?"

"பெஞ்சதுங்க. நல்ல மழைங்க."

"பிறகு ஏன் குடையை மடக்கினாய்?"

"தொரை வந்தாருங்க."

"அதனால்?"

"அதனாலதாங்க."

நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இது பதில் ஆகாது என்றார் மாஜிஸ்திரேட். கூண்டில் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்காகப் பரிதாபப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்; இவ்வளவு எளிய பதிலைக்கூட இந்தத் துபாஷியால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லையே என்று. வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து, மழையில் குடையை மடக்குகிறவன் அதைக் குடையாகப் பயன்படுத்தவில்லை என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும் என்றார். தர்க்கத்தில் குறை சொல்ல இடமில்லை.

பெரிய தொரை வந்தார். அந்தக் காலத்தில் இந்திய சர்க்காரின் ஏஜெண்டு தோட்டம் தோட்டமாகப் போய் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மழையில் குடை மடக்கச் சொல்கிறோம் என்று கோர்ட்டில் பதிவாவதைப் பெரிய தொரை விரும்பாததில் ஆச்சரியம் இல்லை. "எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. அவர்கள் இஷ்டம்போலக் குடை பிடிக்கலாம்," என்றார். எழுதிய விதி இல்லை என்ற அளவில் அது உண்மைதான்.

பிறகு கங்காணி. கூண்டில் ஏறுமுன் செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். மடக்கிய குடை அக்குளில் இருந்தது.

"தொரையைக் கண்டால் குடையை மடக்கும் வழக்கம் உண்டா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கங்காணி பெரிய தொரையைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் கெடையாதுங்க."

அவள் பெஞ்சில் இருந்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் சிரித்தார். கோர்ட்டில் சிரிக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன்.

நடுப்பகல் இடைவேளை. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் வராந்தாவில் நின்று, ஜெனீவாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே பல தேசங்கள் கூடி, யுத்தத்தில் யார் தாக்குகிறவர், யார் தற்காத்துக்கொள்கிறவர் என்று இலக்கணம் வகுக்க உட்கார்ந்தன. கப்பலில் வரும் பத்திரிகைகளில் நான் அதை விடாமல் படித்து வந்தேன். எல்லையில் முதலில் சுட்டது யார் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை; இரண்டு பக்கமும் 'நான் தற்காத்துக்கொண்டேன்' என்கிறது. ஆகையால் அவர்கள் ஒரு சுலப வழி கண்டார்கள்: வழக்கை நடுவரிடம் கொண்டுபோக மறுத்துச் சண்டைக்குப் போகிறவரே தாக்குகிறவர். அது நல்ல விதியாகத்தான் எனக்கு அப்போது பட்டது. அந்த விதிப்படி பார்த்தால் எங்கள் சின்ன தொரைதான் சமாதானப் பிரியர். அடித்த கையோடு நடுவரிடம் வந்துவிட்டார். மரம் வெட்டுகிறவருக்கு நடுவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாது. அவர் ஆஸ்பத்திரியைத் தேடிப் போனார். ஜெனீவாவின் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வராமலே போனது. அதற்கு மரம் வெட்டுகிறவர் காரணம் அல்ல.

கோர்ட்டுக்கு எதிரே தோட்டத்து ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். வேலை இல்லாத மழை நாள் ஆனதால் பலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வரிசையாகக் கறுப்புக் குடைகள். கங்காணி அவர்களுக்கு நடுவில் நின்று, தாம் உள்ளே எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவளும் ஒரு குடையின் கீழ் நின்றாள், அவருக்கு முதுகைக் காட்டியபடி. மழைக்கு அப்பால் சுண்ணாம்பு மலைகள் பாதிதான் தெரிந்தன.

பெரிய தொரை மதியச் சாப்பாட்டுக்காகக் காரை நோக்கிப் படியிறங்கினார்.

முதலில் மடங்கியது கங்காணியின் குடை. பிறகு அவரைச் சுற்றி இருந்தவை. சத்தமே இல்லாமல் வரிசை முழுவதும் மடங்கிற்று. செருப்புப் போட்டிருந்தவர்கள் குனிந்தார்கள். அவளும் தன் குடையை மடக்கினாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு மடக்கினாள். மழை அவர்கள் தலையில் நேராக விழுந்தது. கார் கதவு மூடி, கார் நகர்ந்து, திருப்பத்தில் மறைந்த பிறகு குடைகள் மறுபடி விரிந்தன.

நான் திரும்பிப் பார்த்தேன். மாஜிஸ்திரேட் தம் அறை வாசலில் பைப்பைப் பற்றவைக்கப் போனவர், தீக்குச்சி விரலைச் சுடும்வரை அப்படியே நின்றார்.

மாஜிஸ்திரேட் வெளியே தாமே கண்டதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிற்பகலில் கோர்ட்டு கூடியதும் அவர் கங்காணியைத் திரும்பக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"உன் சட்டை ஏன் நனைந்திருக்கிறது?"

"மழைங்க."

"உன்னிடம் குடை இருக்கிறதே?"

"இருக்குங்க."

"பிறகு எப்படி நனைந்தாய்?"

கங்காணி பெரிய தொரையைத் தேடினார். பெரிய தொரை ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிச்சுதுங்க. செத்த நேரம் மடக்குனேங்க."

"வெளியே நிற்கிற எல்லாருமே நனைந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கை வலித்ததா?"

"ஆமாங்க."

"எல்லாருக்கும் ஒரே நேரத்திலா?"

கங்காணி நன்றாக யோசித்தார். "ஒரே தோட்டம்ங்களே," என்றார்.

மொழிபெயர்த்துச் சொல்லும்போது என் குரல் தடுமாறாமல் இருந்தது; இத்தனை வருட உத்தியோகத்தில் அதை ஒரு சாதனையாகவே கருதுகிறேன். மாஜிஸ்திரேட் வேறொன்றும் கேட்கவில்லை.

தீர்ப்புச் சுருக்கமாக இருந்தது. குடையை மடக்கியதும் குனிந்ததும் எதிரே நிற்பவரை அச்சுறுத்துவதற்காகச் செய்தவை அல்ல. அச்சுறுத்தும் என்பதும் மடக்கியவருக்குத் தெரியாது. ஆகவே அவர் தாக்க முனையவில்லை. விடுதலை. சின்ன தொரையோ தமக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்தோடு நம்பினார். நம்பியதற்குக் காரணமும் இருந்தது. நம்பிக்கை பிழையானாலும் தற்காப்பு தற்காப்பே. ஆகவே அவர் மேல் நடவடிக்கைக்கு இடமில்லை. இதைக் கூண்டில் இருந்தவருக்குத் தமிழில் சொல்வது என் கடமை.

"தொரை மேல தப்பு இல்லைங்களா ஐயா?"

"இல்லை."

"என் மேலயும்?"

"இல்லை."

"அப்ப இந்தக் கைய யாருங்க ஒடச்சது?"

சட்டப்படி அதற்கு ஆள் இல்லை என்றேன். சட்டம் கொடுங்காயம் என்று வகைப்படுத்தியிருந்த ஒரு காயம், செய்தவர் யாரும் இல்லாமல் தானாகவே நிகழ்ந்திருந்தது. அவர் கட்டுப்போட்ட கையைக் கழுத்துக் கட்டுக்குள் சரிசெய்துகொண்டார். "நல்லதுங்க. யாருக்கும் சூசா இல்ல," என்றார். கேலியா, நிம்மதியா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

வராந்தாவில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அறை தப்பியது என்று நினைத்திருந்தாள். கங்காணி வந்தார். பெரிய தொரையோடு பேசிவிட்டு வந்திருந்தார்.

"புள்ள, ஒரு மாசம் நோட்டீசு சொல்லச் சொல்லிட்டாரு. அடுத்த மாசத்தோட கணக்கு முடிச்சுக்கணுமாம்."

"கோர்ட்டே தப்பில்லன்னு சொல்லிருச்சே மாமா."

"தப்பு செஞ்சான்னு தொரையும் சொல்லலியே. ஆளு வேண்டாம்னு மட்டுந்தான் சொன்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள். கங்காணி சொன்னது சரி. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வேலையிலிருந்து நீக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு. சட்டம் இருவரையும் சமமாக நடத்துகிறது. தொரையைத் தோட்டத்திலிருந்து நீக்குவதற்கு மட்டும் தொழிலாளிக்கு உரிமை இல்லை. நோட்டீஸ் சொல்வதில் கை ஓங்குதல் இல்லை, முஷ்டி இல்லை, முனை இல்லை. எதிரே நிற்பவர் எவ்வளவு அஞ்சினாலும் அது தாக்குதல் ஆகாது. புத்தகத்தை அன்று மாலை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன்; ஆகாதுதான்.

அவர்கள் மாதம் முடிவதற்கு முன்பே போய்விட்டார்கள். முறிந்த கையால் மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத அறையில் இருந்து என்ன செய்வது? குனோங் ராபாட்டில், மலையடியில் காய்கறி பயிரிடும் ஒரு சீனர் தம் கொட்டகையின் ஒரு மூலையை விட்டுக்கொடுத்தார். பிள்ளை அங்கே பிறந்தது. பெண் குழந்தை. வெள்ளம் வடிந்த பிறகு, அந்த வழியாக வேறு வேலையாகப் போனபோது நானே போய்ப் பார்த்தேன். அவள் கீரைக் கட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் இடது கையால் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது.

லேபர் ஆபீசில் ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம், விடுதலையான ஆளை இப்படி அனுப்பியது சரிதானா என்று அவர்கள் விசாரிப்பார்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். துபாஷி ஆலோசனை சொல்லக்கூடாது என்ற விதி கோர்ட்டு வளாகத்துக்குள் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

"வேணாங்க ஐயா. கேசு ஜெயிச்சதுக்கே வீடு போச்சு. இன்னொரு தரம் ஜெயிக்க நமக்கு வசதி பத்தாதுங்க."

அவள் உள்ளே குழந்தை அழுவது கேட்டு எழுந்து போனாள். நான் கொண்டுபோயிருந்த பிஸ்கட்டு டின்னைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, ஈப்போ போகும் வண்டிக்காகச் சாலைக்கு நடந்தேன்.